பிரேக் மாஸ்டரின் கெண்டைக்கால்

கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் வண்டியில் இரண்டு பிரேக் இருக்கும். ஒன்று கற்றுக்கொள்கிறவருக்கு. இன்னொன்று பக்கத்து இருக்கையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு. அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் இருபத்தேழு வருடங்களாக ஒரு வலது கால் குடியிருந்தது. அந்தக் காலுக்குச் சொந்தக்காரரைத்தான் ஊரே பிரேக் மாஸ்டர் என்று கூப்பிட்டது.

மாணவர் தப்பு செய்தால் பிரேக் போடுவது எல்லா வாத்தியாரும் செய்வதுதான். இவரோ, மாணவர் தப்பு செய்யப்போகிறார் என்று தோன்றினாலே போடுவார். எதிரே வரும் சைக்கிள்காரரின் முகம் சரியில்லை என்றாலும் போடுவார். இதற்கெல்லாம் கால் அவரிடம் அனுமதி கேட்பதில்லை. பஸ்ஸில் போனால் முன்சீட்டை உதைப்பார்; உட்கார்ந்திருப்பவர் திரும்பி முறைப்பார். வீட்டில் டி.வி.யில் யாராவது யாரையாவது காரில் துரத்தினால், சோபாவுக்கு எதிரே இருக்கும் டீப்பாய் ஒரு சாண் நகர்ந்துவிடும். முடிவெட்டும் கடையில் நாற்காலியைச் சுழற்றினால்கூடக் கால் தரையில் ஊன்றிக்கொள்ளும்.

மாஸ்டருடைய டிரைவிங் பள்ளியின் அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டது அவர் மனைவி. ஒரு சின்ன அறை, ஒரு இரும்பு மேஜை, சுவரில் சாலைக் குறியீடுகளின் அட்டவணை, ஒரு தாள் கேட்டால் மூன்று தாளை இழுக்கும் பிரிண்டர். இவற்றுக்கு நடுவில் காலை ஏழரைக்கே வந்து உட்கார்ந்துவிடுவார். யாருக்கு எந்த நாள் வகுப்பு, யார் எத்தனை முறை தேர்வில் கோட்டை விட்டார்கள், யார் இனிமேல் வரவே கூடாது, எல்லாம் அவருக்கு விரல் நுனியில். மாஸ்டர் வீட்டிலும் அவரை மேனேஜர் என்றுதான் அழைப்பார்.

"மேனேஜர், டீ கிடைக்குமா?"

"விண்ணப்பம் எழுதிக் குடுங்க. பார்க்கலாம்."

மனைவியின் தம்பி இரண்டாவது காரை ஓட்டினார். அவ்வளவுதான் பள்ளி.

மாஸ்டருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. கடந்த இரண்டு வருடங்களாக, ஆபத்து வருவதற்குச் சற்று முன்னால் அவருடைய வலது உள்ளங்காலில் மின்சாரம் போல ஒன்று சுரீரென்று ஓடும். பிரேக்கை மிதிப்பதற்கும் அது ஓடுவதற்கும் சரியாக இருக்கும். "இதெல்லாம் புத்தகத்துல வராது. இருபத்தஞ்சு வருஷம் உட்கார்ந்தாத்தான் வரும்" என்று புது மாணவர்களிடம் காலைத் தட்டிக் காட்டுவார். மனைவி இந்தக் கதையை நூறு முறை கேட்டு, நூற்றியோராவது முறையிலிருந்து காதில் வாங்குவதை நிறுத்திவிட்டார்.

பயிற்சியாளர் உரிமத்தைப் புதுப்பிக்க உடற்தகுதிச் சான்றிதழ் வேண்டும். அதற்குப் போன இடத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. டாக்டர் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டச் சொன்னார். வலது கெண்டைக்காலின் உள்பக்கம் புடைத்திருந்தது.

"இது என்ன?"

"பிரேக் தசை டாக்டர். மிதிச்சு மிதிச்சு வந்தது."

"இடது கால்ல கிளட்ச் மிதிக்கிறீங்களே, அங்க காணோமே?"

மாஸ்டர் முதல்முறையாகத் தன் இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்று கால் மாதிரி இருந்தது. இன்னொன்று உள்ளே ஒரு கோழிமுட்டையை விழுங்கிய கால் மாதிரி இருந்தது. டாக்டர் விரலால் அழுத்தி, பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தார். "தசைன்னா காலை இறுக்கும்போது இதுவும் இறுகணும். இது தனியா நிக்குது. ஆழமா இருக்கு, பெரிசாவும் இருக்கு. வலி உண்டா?"

"வலியே கிடையாது."

"வலிக்கலைங்கிறதுக்காக விட்டுட முடியாது" என்று டாக்டர் பெரிய மருத்துவமனைக்குச் சீட்டு எழுதினார்.

வீட்டில் அந்தச் சீட்டை மூன்று பேரும் மாறி மாறிப் படித்தார்கள். மைத்துனர் உடனே போனைத் திறந்து எதையோ தேடி, இரண்டு நிமிடத்தில் முகம் வெளுத்து, "மாமா, இந்த மாதிரி கட்டியில அறுபது வகை இருக்கு" என்றார். அவருடைய அக்கா போனைப் பிடுங்கி, பீங்கான் தட்டுகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டார். இரண்டு நாளைக்கு மைத்துனரை யாராலும் போனில் பிடிக்க முடியவில்லை.

பெரிய மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம் என்றார்கள். விண்ணப்பத்தில் 'உடலில் உலோகம் ஏதாவது உண்டா' என்று ஒரு கேள்வி. மாஸ்டர் பத்தொன்பது வயதில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். அப்போது ஒரு இரும்புத் துணுக்கு கண்ணுக்குள் தெறித்து, எடுக்க முடியாத இடத்தில் தங்கிவிட்டது. பார்வைக்குக் கெடுதல் இல்லை என்று விட்டுவிட்டார்கள். எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தால் துணுக்கு இன்னும் அங்கேயே இருந்தது. எம்.ஆர்.ஐ. என்பது ராட்சதக் காந்தம். அதற்குள் இவரை அனுப்பினால் துணுக்கு நகர்ந்துவிடும், கண்ணுக்கு ஆபத்து. எனவே அது முடியாது.

அங்கே ஸ்கேன் படங்களைப் பார்க்கும் டாக்டர் ஒரு பெண். குள்ளமாக, வேகவேகமாகப் பேசுகிறவர். அவர் வேறு வழி சொன்னார்.

"பெர்ஃப்யூஷன் சி.டி.ன்னு ஒண்ணு இருக்கு. ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற சி.டி. நீங்க டிரைவிங் மாஸ்டர்தானே, உங்களுக்கு ஈஸியா புரியும். ஊரை மேல இருந்து ஒரு போட்டோ எடுத்தா ரோடு தெரியும், டிராபிக் தெரியாது. அதே இடத்தை ஒரு நிமிஷம் விடாம எடுத்துக்கிட்டே இருந்தா?"

"எந்த ரோட்டுல வண்டி பறக்குது, எங்க நிக்குதுன்னு தெரியும்."

"அதேதான். கையில ஒரு மருந்து ஏத்துவோம். அது ரத்தத்தோட கலந்து கட்டிக்குள்ள எப்போ போகுது, எவ்வளவு வேகமா போகுது, எவ்வளவு தங்குதுன்னு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக் கலர் கலரா காட்டும். கட்டிக்குள்ள உயிர்ப்பா இருக்கிற இடம் எதுன்னு தெரிஞ்சா, ஊசியை அங்கேயே விட்டு சதை எடுக்கலாம். சும்மா கிடக்கிற இடத்துல எடுத்தா ஒண்ணும் தெரியாமப் போயிடும்."

"நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணுமே செய்யக் கூடாது. ஒரு நிமிஷம் காலை அசைக்காம இருக்கணும். அவ்வளவுதான்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமல் மாதிரி மாற்றிக்கொண்டார்.

மூன்று நாள் கழித்து, சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது என்று ரத்தப் பரிசோதனை சொன்ன பிறகு, மாஸ்டரை ஸ்கேன் அறைக்குள் படுக்க வைத்தார்கள். குளிர் எலும்புக்குள் இறங்கியது. நடுவில் ஓட்டை வைத்த பெரிய வளையம். அதற்குள் போய்வரும் குறுகலான மேஜை. மற்றவர்களுக்குத் தலை உள்ளே போகும், இவருக்குக் கால் முதலில். முகக்கவசம் போட்ட டெக்னீஷியன் பெண் முழங்கைப் பக்கம் ஊசியைக் குத்திக் குழாயை மாட்டினாள். கெண்டைக்காலுக்கு இரண்டு பக்கமும் பஞ்சுத் திண்டு வைத்து, ஒட்டுப்பட்டை சுற்றி, பாதத்தின் மேல் ஒரு மணல் மூட்டையையும் வைத்தாள்.

"என்னைத் தெரியுதா மாஸ்டர்?"

மாஸ்டர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும்தான். அவள் மேஜையின் பொத்தானை அழுத்தினாள். மேஜை ஒரு குதி குதித்துக் கிளம்பியது.

"மூணாங்கியர்!" என்று மாஸ்டர் கத்தினார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அவரிடம் கார் பழகியவள். மூன்றாவது கியரில் கிளம்புவாள், மூன்றாவது கியரிலேயே நிறுத்துவாள். ஒரே வகுப்பில் மாஸ்டர் நாற்பத்தியொரு முறை பிரேக் போட்டதை எண்ணி, வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லி அழுதவள். அதே வாரம் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறிவிட்டாள். அது எப்படி என்று இன்றுவரை இரண்டு பேருக்கும் தெரியாது.

"முதல்ல ஒத்திகை மாஸ்டர். எக்ஸ்-ரே வராது, மருந்து வராது. உங்க கட்டி கொஞ்சம் நீளமா இருக்கு, அதனால மேஜை முன்னாடி பின்னாடி ஆடிக்கிட்டே இருக்கும். நீங்க சும்மா படுத்திருங்க."

அவள் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் இருந்த அறைக்குள் போனாள். மேஜை நகர்ந்தது. மாஸ்டரின் கால் பிரேக் போட்டது. ஒட்டுப்பட்டை சர்ரென்று பிரிந்தது.

"மாஸ்டர்!"

"நான் இல்லம்மா. அது."

இரண்டாவது ஒத்திகைக்கு இரண்டு பட்டை அதிகமாகக் கட்டினாள். பட்டை பிழைத்தது, மணல் மூட்டை கீழே விழுந்தது. மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். அது இன்னும் மோசம். "எதிர்ல என்ன வருதுன்னே தெரியலையே!" என்று மாஸ்டர் இரண்டு காலாலும் பிரேக் போட்டார்.

படம் பார்க்கும் டாக்டர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். கால் ஒரு நூல் அசைந்தாலும் கம்ப்யூட்டர் போடும் கணக்கு எல்லாம் பாழ். இல்லாத ரத்தத்தை இருக்கிறது என்று காட்டும். தப்பாகப் போனால் திரும்ப எடுக்கலாம்தான். ஆனால் கதிர்வீச்சும் மருந்தும் இரண்டு மடங்காகும். அதை அவர் விரும்பவில்லை. கதவைத் திறந்து, வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவியிடமே கேட்டார்.

"வீட்டுல இவரை எப்படிச் சமாளிக்கிறீங்க?"

"எங்க சமாளிக்கிறேன் டாக்டர்? டீப்பாயைத் தள்ளிப் போட்டிருக்கேன்."

அப்போதுதான் மூணாங்கியருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஸ்கேன் எடுப்பவர்கள் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுப்பார்கள். அவசரம் என்றால் அதை அமுக்க வேண்டும். உள்ளே இருப்பவர்களுக்கு மணி அடிக்கும். அவள் அந்தப் பந்தை மாஸ்டரின் ஊசி குத்தாத கையில் வைத்தாள்.

"மாஸ்டர், இந்த வண்டியில பிரேக் கால்ல இல்ல. கையில இருக்கு. வண்டி நகர்ந்தா இதை அமுக்குங்க."

"கைப் பிரேக்கா?"

"கைப் பிரேக்தான்."

"பிடிக்குமா?"

"நல்லாப் பிடிக்கும். போன வாரம்தான் மாத்தினோம். நிஜமாவே ஏதாவது செஞ்சா மட்டும் வாயைத் திறந்து கத்துங்க. மைக் இருக்கு, கேட்கும்."

நான்காவது ஒத்திகை. மேஜை நகர்ந்தது. உள்ளே மணி அடித்தது. கால் அசையவில்லை. மேஜை பின்னால் வந்தது. மணி அடித்தது. கால் அசையவில்லை. மூணாங்கியர் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற இடத்திலேயே ஒரு சுற்று சுற்றினாள்.

"உடனே எடுத்துடலாம். மனசு மாறுறதுக்குள்ள" என்றார் டாக்டர்.

மருந்து ஏறியது. மேஜை ஆடத் தொடங்கியது. மணி விடாமல் அடித்தது. பக்கத்து அறையிலிருந்து ஒரு நர்ஸ் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். "பிரேக் சிஸ்டர், பிரேக்!" என்று மூணாங்கியர் கையை ஆட்டினாள். நர்ஸ் ஒன்றும் புரியாமல் திரும்பிப் போனார். இருபது நொடி ஆகியிருக்கும். ஸ்பீக்கரில் மாஸ்டரின் அலறல்.

"மூணாங்கியர்! மானம் போச்சு! நனைச்சிட்டேன்!"

நிறுத்தும் பொத்தானை நோக்கிப் போன டாக்டரின் கை அந்தரத்தில் நின்றது. மூணாங்கியர் மைக்கைப் பிடித்தாள்.

"நனைக்கல மாஸ்டர்! அது மருந்தோட சூடு. முன்னாடியே சொன்னேனே. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். காலை மட்டும் விட்டுடாதீங்க!"

"உறுதியாச் சொல்றியா?"

"சத்தியமா."

"மேனேஜர்கிட்ட சொல்லிடாதே!"

கதவுக்கு வெளியே மேனேஜருக்கு எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவர் கைப்பையை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு குலுங்கினார். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் அவர் அழுகிறார் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

ஒரு நிமிடம் முடிந்தது. இருபத்திரண்டு முறை மணி அடித்திருந்தது. கால் ஒரு முறைகூட அசையவில்லை. டாக்டர் திரையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சுத்தமான படம் இந்த வருஷத்துல வந்ததில்ல" என்றார். மாஸ்டர் எழுந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாகத் தன் பேன்ட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார். உலர்ந்துதான் இருந்தது.

மறுநாள் கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்து டாக்டர் படத்தைக் காட்டினார். காலின் குறுக்குவெட்டு. தசை எல்லாம் ஒரே சீரான நீலம். கட்டியின் நடுப்பகுதி கிட்டத்தட்டக் கறுப்பு. ஆனால் வெளி ஓரத்தில், பிறை போல, மஞ்சளும் சிவப்புமாக ஒரு கீற்று.

"நடுவுல டிராபிக்கே இல்ல. இந்த ஓரத்துல மட்டும் ரத்தம் நல்லா ஓடுது. ஊசி இங்கதான் போகணும்."

மனைவி சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "சிவப்புன்னா கெட்டதா டாக்டர்?"

"கெட்ட கட்டிகள்ல ரத்தம் அதிகமா ஓடுறது உண்டு. நல்ல கட்டிகள் சிலதுலயும் அப்படி ஓடும். கலர் எங்களுக்கு இடத்தைத்தான் காட்டும், பேரைச் சொல்லாது. பேர் சொல்றது லேப்தான்."

மனைவி தலையாட்டினார். ஆனால் வீட்டுக்கு வந்ததும், குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருந்த சிவப்புத் துணியை எடுத்துவிட்டு வேறு துணி போட்டார்.

ஊசி போட்டுச் சதை எடுக்கும் நாள். மரத்துப்போகும் மருந்து கொடுத்து, அதே மேஜையில் படுக்க வைத்து, படத்தைப் பார்த்துப் பார்த்து டாக்டர் ஊசியை அந்தப் பிறைக்கு அருகே கொண்டுபோனார். ஊசி கட்டியைத் தொட்ட நொடியில் மாஸ்டர் கத்தினார்.

"ஆக்சிடென்ட்! ஆக்சிடென்ட் வரப்போகுது!"

எல்லோரும் உறைந்தார்கள். மூணாங்கியர் கூரையைப் பார்த்தாள். டாக்டர் ஊசியை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டு கேட்டார், "என்ன ஆச்சு?"

"உள்ளங்கால்ல கரண்ட் அடிச்சுது. ஆபத்து வர்றதுக்கு முன்னாடி எனக்கு எப்பவும் அடிக்கும்."

"எப்பவுமா?"

"ரெண்டு வருஷமா. பிரேக்கை மிதிக்கும்போது."

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"வலி இருக்கான்னுதான் எல்லாரும் கேட்டாங்க டாக்டர். இது வலி இல்லையே. திறமை."

டாக்டர் விரலால் கட்டியின் மேல் லேசாகத் தட்டினார். "இப்போ?"

"அடிக்குது."

இன்னொரு தட்டு. "இப்போ?"

"அடிக்குது டாக்டர்! உங்களுக்கும் இந்தத் திறமை வந்துடுச்சா?"

டாக்டரின் முகத்தில் ஏதோ ஒரு விளக்கு எரிந்தது. கோணத்தைக் கொஞ்சம் மாற்றி, நரம்பின் பக்கம் போகாமல், பிறையின் மறுமுனையிலிருந்து மூன்று சின்ன நூல் போன்ற துண்டுகளை எடுத்தார். "லேப் சொல்லட்டும். ஒன்பது நாள் ஆகும்" என்றார்.

அன்று மாஸ்டர் வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கூட்டிக்கொண்டு போக வரவேண்டிய மைத்துனர் தேர்வு மைதானத்தில் மாட்டிக்கொண்டார். அவருடைய மாணவர் ஒருவர் ரிவர்ஸ் எடுத்து அதிகாரியின் மேஜைமீதே ஏற்றிவிட்டாராம். மருத்துவமனை வாசலில் பயிற்சிக் கார் நின்றுகொண்டிருந்தது.

"டாக்சி பிடிக்கட்டுமா?" என்றார் மாஸ்டர்.

"வேண்டாம். நான் ஓட்டுறேன்."

மாஸ்டர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். ஓட்டுநர் உரிமம். எட்டு மாதப் பழசு. மாஸ்டர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். புகைப்படத்தில் இருப்பது தன் மனைவிதானா என்று இன்னொரு முறை பார்த்தார்.

"யார்கிட்ட கத்துக்கிட்ட?"

"ரயில்வே கேட் பக்கத்துல இருக்கிற ஸ்கூல்ல."

அது போட்டிப் பள்ளி. மாஸ்டருக்குக் காலைவிட நெஞ்சில் அதிகமாக வலித்தது. "நம்ம வண்டி இருக்கும்போது அங்க எதுக்கு?"

"நம்ம வண்டியில நான் நிறுத்தினேனா நீங்க நிறுத்தினீங்களான்னு யாருக்குங்க தெரியும்?"

மாஸ்டர் முன்சீட்டுக் கதவைத் திறக்கப் போனார். "பின்னாடி" என்றார் மனைவி. காலை நீட்டிக்கொண்டு பின்சீட்டில் சாய்ந்து, ஊர் தன் இரண்டு பக்கமும் வழுக்கிப் போவதை மாஸ்டர் பார்த்தார். கிளட்சை விடுவது பூ மாதிரி இருந்தது. வளைவுகளில் கியர் மாறியது காதுக்கே தெரியவில்லை. பாலத்தின் மேல் ஒரு லாரியை மனைவி முந்தியபோது மாஸ்டர் தன்னையறியாமல், "அடி சக்கை!" என்றார். அதற்குப் பிறகு அன்று முழுக்க இருவரும் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனாலும் ஒன்பது நாள் என்பது ஒன்பது நாள்தான். ஐந்தாம் நாள் மத்தியானம் மனைவி அலுவலக ஜன்னல் வழியாகப் பார்த்தார். முற்றத்தில் நிறுத்தியிருந்த காரில் மாஸ்டர் தனியாக உட்கார்ந்திருந்தார். வலது காலை மடக்கி இருக்கைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு, இடது காலால் பிரேக்கை மிதித்து மிதித்துப் பழகிக்கொண்டிருந்தார். மிதித்தார், எடுத்தார், மிதித்தார். மனைவி கையில் இருந்த பதிவேட்டை மேஜைமேல் போட்டுவிட்டு எழுந்து போய், காரின் கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார்.

"ஒரு ரவுண்டு போலாமா?" என்றார் மனைவி.

"ம்."

"அந்தப் பக்கம் போங்க, இந்தப் பக்கம் போங்கன்னு சொல்லக் கூடாது."

"சொல்லலை."

இரண்டாவது தெருவிலேயே சொன்னார். மனைவி திட்டினார். அதோடு பாரம் கொஞ்சம் இறங்கியது.

ஒன்பதாம் நாள் டாக்டர் அவர்களைக் கூப்பிட்டு உட்காரச் சொல்வதற்கு முன்பே பேசத் தொடங்கிவிட்டார். காலில் ஓடும் பெரிய நரம்பைச் சுற்றி ஒரு உறை உண்டு. அந்த உறையிலிருந்து வளர்ந்த கட்டி இது. அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர்.

"பேர் கிடக்கட்டும் டாக்டர். நல்லதா கெட்டதா?"

"புற்றுநோய் இல்ல. வேற எங்கேயும் பரவாது. காலுக்கும் ஒண்ணும் ஆகாது. நரம்பை வெட்டாம கட்டியை மட்டும் உரிச்சு எடுத்துடலாம். உங்க உள்ளங்கால்ல அடிச்ச கரண்ட் இதோட வேலைதான். ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் தசை இறுகி, கட்டி நரம்பை அமுக்கியிருக்கு."

மாஸ்டர் கவலையோடு கேட்டார், "அப்போ அது திறமை இல்லையா?"

மனைவிக்கு அங்கே ஆரம்பித்த சிரிப்பு நிற்கவில்லை. விக்கலாக மாறியது. விக்கல் திரும்பச் சிரிப்பாக மாறியது. டாக்டருக்கும் தொற்றிக்கொண்டது. லிப்டுக்குள் ஏறிய பிறகும் இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பொத்தானை அழுத்த வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. லிப்ட் யார் யாரோ கூப்பிட்ட மாடிகளுக்கெல்லாம் அவர்களைத் தூக்கிக்கொண்டு போனது. நான்காவது மாடியில் ஏறிய இருவர் இவர்களைப் பார்த்து அடுத்த மாடியிலேயே இறங்கிக்கொண்டார்கள். மூன்றாவது முறை கீழே வந்தபோது கதவுக்கு வெளியே மூணாங்கியர் நின்றிருந்தாள். மனைவி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முழுசாக ஒரு நிமிடம் விடவேயில்லை.

அறுவை சிகிச்சை ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. கட்டி உறையிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிட்டதாம். குதிகாலுக்குப் பக்கத்தில் காசளவு இடம் மட்டும் மரத்துப்போய்விட்டது. அது மெதுவாகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார்கள். ஏழு வாரம் வண்டியைத் தொடக் கூடாது.

அந்த ஏழு வாரமும் மைத்துனர் இரண்டு காருக்கும் ஒரே ஆளாக அல்லாடினார். புதிதாகச் சேர வந்த பெண்கள் சிலர் அலுவலக மேஜையிடம் வந்து, "நீங்களே சொல்லிக்குடுக்க மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மேனேஜர் யோசித்தார். போதிய வருட அனுபவம் ஆகும்வரை பொறுத்திருந்து, ஒரு நாள் பயிற்சியாளர் உரிமத் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டார். மாஸ்டர் அதற்குள் நன்றாகத் தேறி, தன் காரில் பழையபடி உட்கார ஆரம்பித்திருந்தார்.

தேர்வில் ஒரு பகுதி, அதிகாரியின் கண் முன்னால் ஒரு மாணவருக்கு வகுப்பு எடுத்துக் காட்டுவது. மாணவராக யாரையாவது அழைத்துவர வேண்டும். வரவேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல். "நானே வரேன்" என்றார் மாஸ்டர். தேர்வு நடத்திய அதிகாரி புதியவர். மாஸ்டரைத் தெரியாது.

மனைவியை எப்படியும் தேற வைத்துவிடுவது என்று மாஸ்டர் முடிவு செய்திருந்தார். தன் இத்தனை வருட மாணவர்களின் தப்புகளை எல்லாம் ஒரே வகுப்பில் செய்து காட்டினார். மூன்றாவது கியரில் கிளம்பினார். இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரைப் போட்டார். வலது என்றால் இடது பக்கம் திருப்பினார். ரவுண்டானாவை இரண்டு முறை சுற்றினார். பக்கத்து இருக்கையில் மனைவி குரலை உயர்த்தாமல், "பரவாயில்ல, பதறாதீங்க, கண்ணாடியைப் பாருங்க, இப்போ மெதுவா" என்று ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே வந்தார். முழு வகுப்பிலும் ஒரே ஒரு முறைதான் பிரேக்கில் கால் வைத்தார். அதுவும் ஒரு நாய்க்காக.

அதிகாரி இறங்கி மனைவியின் தாளில் கையெழுத்துப் போட்டார். "ரொம்பப் பொறுமைம்மா உங்களுக்கு" என்று பாராட்டினார். பிறகு மாஸ்டரின் பக்கம் திரும்பி, தோளில் கை வைத்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார். உங்களுக்கு இன்னும் ஒரு பத்து வகுப்பாவது வேணும். இந்த அம்மாகிட்டயே சேர்ந்துக்கோங்க."

"சரிங்க சார்" என்றார் மாஸ்டர்.